மாளவிகா தமிழ் மேஜர் கேட்கிறாள்

கரமனை,
திருவனந்தபுரம்.

பூஜ்யஸ்ரீ அத்திம்பேர் ஸ்ரீனிவாசன் அவர்களுக்கு,

கரமனையிலிருந்து உங்கள் மச்சினன் பிச்சுமணி சாஷ்டாங்கமாக நமஸ்கரித்து எழுதிக்கொள்வது. தஞ்சாவூரில் தாங்களும் நாகலக்ஷ்மி அக்காவும் குறைவில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் சரீர அளவில் சௌக்கியம். மன அளவில் என்னுடைய சௌக்கியம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், காப்பி ஆறுவதற்கு முன்னாலேயே முடிந்துபோனது. போனில் சொல்லலாமென்றால் உங்களுக்குக் காது சரியாகக் கேட்காது. நான் சத்தம் போட்டுப் பேசினால் அடுத்த அறையில் இருக்கிற என் பெண் மாளவிகாவுக்கு நன்றாகக் கேட்கும். நான் உங்களுக்கு எழுதியது அவளுக்குத் தெரியவே கூடாது. அதனால்தான் கடிதம்.

விஷயத்தை முதலில் போட்டு உடைத்துவிடுகிறேன், உட்கார்ந்துகொண்டு கேளுங்கோ. உங்கள் மருமாள் மாளவிகா பிசிக்ஸ் மேஜரை விட்டுவிட்டுத் தமிழ் மேஜருக்கு மாறப்போகிறாளாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் காலேஜில் சொல்லிவிட வேண்டுமாம். நாற்பது வருஷம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்த உங்களிடம் இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் அவள் கேட்கமாட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் இந்தப் புது நாலு வருஷ டிகிரி. போன வருஷம் அட்மிஷன் சமயத்தில் பெற்றோர்களை எல்லாம் ஹாலில் உட்கார வைத்து ஒரு புரொபசர் திரை போட்டு விளக்கினார். முக்கியப் பாடத்தை மேஜர் என்றார், துணைப் பாடத்தை மைனர் என்றார், கிரெடிட் என்றார். மூன்று வருஷத்தோடு இறங்கிக்கொள்ளலாம், நாலாவது வருஷமும் போகலாம், பிடிக்காவிட்டால் முதல் வருஷம் முடிந்ததும் மேஜரையே மாற்றிக்கொள்ளலாம் என்றார். சர்க்கார் ஆபீஸில் செக்ஷன் ஆபீசராக இருந்தவன் ஆனதால், ஒன்றும் புரியாமலே எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: எல்லாரும் கூடவே ஒரு பாஷையும் எடுத்துப் படிக்க வேண்டும். மலையாளம் இருக்கிறது, ஹிந்தி இருக்கிறது, தமிழும் இருக்கிறது. மாளவிகா மலையாளம் எடுக்கிறேன் என்றாள். நான்தான் மடக்கினேன். ஆத்திலே பேசறது தமிழ், சும்மா கிடக்கிற மார்க்கை யாராவது விடுவார்களோ, தமிழையே எடு, மிச்ச நேரத்துக்குப் பிசிக்ஸைப் படி என்றேன். அந்த யோசனை தோன்றியதற்காக அன்றைக்கு ராத்திரி பூரா என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் வகுப்பில் டீச்சர், தமிழ் தாய்மொழியாக உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றிருக்கிறாள். நான் சொல்லி அனுப்பியிருந்தபடி இவள் கையைத் தூக்கினாள். அப்படிக் கை தூக்கினவர்களைத் தனியாகப் பிரித்து, உங்களுக்கு அ ஆ வேண்டாம், நேரே வாசிக்கலாம் என்று ஆளுக்கொரு பக்கம் கொடுத்தார்களாம். சாலைக் கடைத்தெருத் தமிழ் வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டார்கள். மாளவிகாவுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எல்கேஜியிலிருந்து மலையாளமும் இங்கிலீஷும்தானே படித்தாள்? எனக்கு மறுநாளே காலேஜிலிருந்து அழைப்பு.

டீச்சர் பெயர் இசக்கிசெல்வி. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, வித்துராவில் பள்ளிக்கூடம் படித்து, டாக்டர் பட்டம் வாங்கினவள். நான் போனதும் உட்காரக்கூட இல்லை. இருநூறு வருஷமாக இந்த ஊரில் தமிழ் பேசிக்கொண்டிருக்கிற குடும்பம் எங்களுடையது, அந்தக் குழந்தைக்குத் தமிழ் தெரியாது என்று எப்படிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அவள் அதே பக்கத்தை என் கையில் கொடுத்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. எனக்குத் தெரிந்த தமிழ் எழுத்தெல்லாம் தம்பானூர் ஸ்டாண்டில் பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற நாகர்கோவில்தான், அதுவும் மொத்தமாகப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெண் ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காமல் சொன்னாள்: "சார், ஒங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு யாரு சொன்னா? வாசிக்கத்தானே தெரியல. அது படிச்சா வந்துரும்." சிரித்திருந்தால்கூட எனக்கு அத்தனை அவமானமாக இருந்திருக்காது.

அப்புறம் இவளை அ ஆ படிக்கிற கூட்டத்தில் சேர்த்தார்கள். அங்கே பக்கத்து பெஞ்சில் நெடுமங்காட்டு நாயர் பையன் அபிலாஷ். ஓணத்துக்குள் அவன் சினிமா போஸ்டர் எல்லாம் வாசிக்கிறான், என் பெண் 'ழ'விலேயே நின்றுகொண்டிருக்கிறாள். அது அவளுக்கு ரோஷமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் தமிழ். ரசப்பொடி பாக்கெட்டை வாசிப்பாள், ஊதுபத்தி டப்பாவை வாசிப்பாள். சரி, மார்க் வரட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். பங்குனி உத்ஸவம் வந்தது.

எங்கள் அக்ரஹாரத் தெருச் சமூக சங்கத்துக்கு நான் செக்ரட்டரி என்பது உங்களுக்குத் தெரியும். உத்ஸவத்துக்குத் தமிழிலே ஒரு வரவேற்பு பேனர் இருந்தால் தெருவுக்கே கௌரவம் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போன் பண்ணி, எல்லாரும் வருக வருக என்று பெரிசாக அடித்து அனுப்பச் சொன்னேன். பஸ்ஸில் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் கொட்டை எழுத்து. பரம திருப்தி. வருஷா வருஷம் தெருமுனையில் அதைத்தான் கட்டுகிறோம். சுவாமி அதன் அடியில்தான் புறப்பாடு ஆகிறார். இந்த வருஷம் கொடியேற்றத்தன்று காலேஜிலிருந்து வந்த மாளவிகா அதன் கீழே நின்று, பத்துப் பேர் கூடியிருக்கும்போது எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "காதணி விழாவுக்குச் சீர் கொண்டுவரும் தாய்மாமன்மார் அனைவரும் வருக வருக."

கடைக்காரன் யாரோ ஒரு வீட்டுக் காதுகுத்து பேனரை நமக்கு மாற்றி அனுப்பியிருக்கிறான். மூன்று வருஷமாக இந்தத் தெருவில் ஒரு ஜீவனுக்கும் அது தெரியவில்லை. நமக்கு வரவேண்டியதைக் கட்டிக்கொண்டு அந்தக் குழந்தைக்கு எப்படிக் காது குத்தினார்களோ தெரியாது. இதில் உங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. போன வருஷம் உத்ஸவத்துக்கு வந்தபோது அதன் அடியில் நின்றுகொண்டு ரொம்ப நேரம் சிரித்தீர்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறீர்கள் என்று நினைத்து நானும் கூடச் சிரித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அத்திம்பேர்.

அன்றைக்கு மாளவிகாவும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆத்துக்கு வந்ததும் படுத்துவிட்டாள். அதற்கு அப்புறம்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கோபம் வந்தால் அவள் மலையாளத்துக்குப் போய்விடுவாள், நாங்கள் அதை வைத்தே சூட்டைக் கண்டுபிடித்துவிடுவோம். அன்று நிதானமாகத் தமிழிலேயே பேசினாள்.

"அப்பா, நான் தமிழ் மேஜருக்கு மாறறேனாக்கும். இத்தனை பேர் இருக்கற தெருவிலே ஒரு பேனரை வாசிக்க ஆள் இல்லை. என் பேரை எழுத எனக்கே பத்தொம்பது வயசாச்சு. பிசிக்ஸ் எனக்குக் கஷ்டமில்லை, கேட்டியா. இதுதான் எனக்கு வேணும்."

நான் கத்தினேன். தமிழ் பேசறவாளே இங்கே குறைஞ்சுண்டு வரச்சே, நீ படிச்சு யாருக்குச் சொல்லித்தரப் போறே என்றேன். சீட்டுக் கிடைக்க நான் எத்தனை பேர் வாசலில் நின்றேன் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. உள்ளபடி சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே பெண். நான் போனபிறகு அவள் சம்பாதித்துச் சாப்பிட வேண்டும். ஆசைப்பட்டதைப் படித்துவிட்டு நாளைக்கு வேலையில்லாமல் நின்றால், சும்மா கிடக்கிற மார்க்கு என்று அவளை அங்கே தள்ளிவிட்ட நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பேன்?

அதனால் நீங்களாகவே எழுதுகிற மாதிரி மாளவிகாவுக்கு உடனே நாலு வரி எழுதுங்கள். பிசிக்ஸின் பெருமையைச் சொல்லுங்கள். கொஞ்சம் மிரட்டினாலும் பாதகமில்லை. இந்தக் கடிதத்தைக் கேட்டு முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அக்காவுக்கும் உங்களுக்கும் எங்கள் நமஸ்காரங்கள். பெரியவர்கள் ஆசீர்வாதம் அந்தக் குழந்தைக்கு இப்போதுதான் ரொம்ப வேண்டியிருக்கிறது, தாராளமாக அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மச்சினன்,
பிச்சுமணி

பி.கு.: மேலே கேட்டுக்கொண்டது எதையும் செய்ய வேண்டாம். நான் உங்களுக்குத் தமிழை எப்போதும் மலையாள எழுத்தில்தான் எழுதுவேன், உங்களுக்கு அது தெரியாது, அக்கா காதருகே வாசித்துச் சொல்லுவாள். இதையும் அப்படித்தான் எழுதிக் கவரை ஒட்டப்போனேன். அப்போது என் ஆத்துக்காரி வந்து, அக்காவுக்குப் போன வாரம் கண் ஆபரேஷன் ஆச்சே, யார் வாசிக்கப்போறா என்று கேட்டாள். என் கவலையில் அதையே மறந்துவிட்டேன், அக்கா மன்னிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் மாற்றித் தர ஆள் தேடினேன். தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருத்தரும் அகப்படவில்லை. அபிலாஷ் எங்கேயோ டூர் போயிருக்கிறான். டீச்சரிடம் கொண்டுபோக மானம் இடம் கொடுக்கவில்லை. பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆள்.

ஆமாம், உங்கள் கையில் இருப்பது மாளவிகாவின் எழுத்து. என் பேச்சில் பாதியை நல்ல தமிழாக்கினாள், பாதியை அப்படியே விட்டாள். விஷயத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. கிழித்துப் போடச் சொன்னதைக்கூட எழுதினாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று வந்த இடத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் காகிதத்தை என் பக்கம் திருப்பி, "கையெழுத்தை நீயே போடு அப்பா, தமிழ்லே" என்றாள். வேறொரு தாளில் எழுதிக் காட்டினாள், பார்த்துப் பார்த்துப் போட்டேன். மேலே இருக்கிற பிச்சுமணி நான் எழுதினது. 'ச்சு' கொஞ்சம் சரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளோடு காலேஜுக்கு நானும் போகிறேன். நீங்கள் அவளுக்கு எழுத வேண்டாம், எனக்கு எழுதுங்கோ. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும், நானே வாசிச்சுப் பார்க்கறேன்.