ஐம்பத்துநான்கு படிகளும் 'நிறைவான' தொண்டர்களும்

தூர்கில்ஸின் வலது தோள் காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்தெட்டு வருடம் இரும்பைப் பற்றவைத்துத் தேய்ந்த தோள். அந்தத் தோளோடுதான் அவர் மனித நாகரிகத்தின் சிகரமாகிய 'மனமார்ந்த கைகள்' தொண்டர் நிலையத்துக்குள் நுழைந்தார். பசித்தவனுக்குச் சோறு போட எல்லா ஊரிலும் ஆளுண்டு. போடுகிறவனுக்கு மனநிறைவு உண்டாகிறதா என்று விசாரிக்க, நார்வேயின் இந்தத் துறைமுக ஊரில்தான் அலுவலகம் உண்டு.

வந்த காரியம் சின்னது. மேல்வீட்டு போர்கில்டுக்குக் கால்கள் விழுந்து எட்டு மாதம். மூன்றாம் மாடி, ஐம்பத்துநான்கு படி, லிஃப்ட் கிடையாது. நார்வேயின் தேசிய நாளான மே பதினேழு ஊர்வலத்தைத் தெருவில் உட்கார்ந்து பார்க்கக் கிழவிக்கு ஆசை. இறக்கிவிடுவதாகத் தூர்கில்ஸ் வாக்குக் கொடுத்துவிட்டார். சக்கர நாற்காலியோடு தூக்க நாலு ஆள் வேண்டும். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு முதுகு போய்விட்டது, மீதிப்பேருக்கு உயிர்.

"நான் ஒருத்தன் இருக்கேம்மா. இன்னும் மூணு பேர் குடு," என்றார்.

தொண்டரையும் வேலையையும் இணைத்துவைக்கும் 'பொருத்துநர்' ரன்வைக் காப்பி ஊற்றினாள். "நாங்க வேலைக்கு ஆள் தேடுறதில்ல, தூர்கில்ஸ். ஆளுக்குத்தான் வேலை தேடுறோம்."

"வேலை மூணாவது மாடில உக்காந்திருக்கு."

"அது அவங்க தேவை. உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன தேவை?"

"தோளுக்குக் கொஞ்சம் தைலம்."

அறுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. 'நீங்கள் மீனாகப் பிறந்தால் எந்த மீன்?' 'கருவாடு' என்று எழுதினார். நிலையம் அதைத் தீர ஆராய்ந்து, அவர் 'ஆழமான பொறுமைசாலி' என்று அறிவித்தது. முன்பெல்லாம் ஊர்க்கூட்டு வேலை என்று வாசலில் ஒரு சீட்டு ஒட்டினால் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். நீ என்ன மீன் என்று யாரும் கேட்டதில்லை. அவ்வளவு காட்டுமிராண்டிக் காலம்.

ஏப்ரலில் பொருத்தக் கூட்டம். நாற்பத்தொரு தொண்டர்கள்.

"படி இறக்குறது யாருக்கு நிறைவு தரும்?" என்று கேட்டாள் ரன்வைக்.

ஒரு கையும் எழவில்லை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஆஸ்முன்ட் மட்டும் தொண்டையைச் செருமினார். "எனக்குப் பேச்சுத்துணைதான் பொருந்துச்சு. வேணும்னா படியில அவங்ககூட பேசிக்கிட்டே வர்றேன்."

"நாற்காலி தானா இறங்கிக்குமாக்கும்," என்றார் தூர்கில்ஸ்.

'தொண்டர் திருப்தி நூறு சதவீதம்' என்று குறிப்பேட்டில் ஏறியது.

மே பதினேழு வந்தது. ஊர்வலத்தில் நிலையத்துக்கும் இடம். 'எல்லோரும் தமக்குரிய இடத்தில்' என்று பொன்னூலில் தைத்த பதாகை, நாலு கம்பம். தூக்க யார் என்றதும் பதினொரு கைகள் எழுந்தன.

"நீங்களும் ஒரு கம்பம் பிடிங்க. முடிஞ்சதும் மத்த மூணு பேரையும் அப்படியே படிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் ரன்வைக். தூர்கில்ஸ் நம்பிப் பிடித்தார்.

பதாகை போர்கில்டின் வீட்டைக் கடந்தது. விசேஷ உடை உடுத்தி, மூன்றாம் மாடி ஜன்னலில் அவள் இருந்தாள்.

"ஏம்ப்பா தூர்கில்ஸ், அந்தத் துணி ரொம்ப கனமோ?"

ஊர்வலம் முடிந்ததும் மற்ற மூவரும் நிறைவோடு ஐஸ்கிரீம் சாப்பிடப் போனார்கள்.

நிலையத்தின் ஆண்டறிக்கையில் விட்டுப்போன ஒரே வரி: போர்கில்டுக்குத் தர வேண்டிய பாக்கி, நாலு ஆள், ஐம்பத்துநான்கு படி.