நெவிலின் நேரம்

"டெஸ், உன் கால் வெளிய தெரியுது" என்றாள் மனைவி கோரல்.

டெஸ்மண்ட் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். சொந்தக் காருக்கு அடியில் படுத்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவன் படுத்திருந்தது நெவிலின் காருக்கு அடியில்.

"அப்படி என்னத்தைத்தான் தேடுற?"

"ஸ்வே பார். என்ன சைஸ் போட்டிருக்கான்னு பாக்கறேன்."

"பாத்துக்கோ, பாத்துக்கோ. ஆள் வந்துட்டிருக்கான்."

டெஸ்மண்ட் அவசரமாக வெளியே வந்ததில் நெற்றி எதிலோ இடித்தது. நெவில் கையில் தேநீர்க் கோப்பையுடன் நின்றான்.

"என்ன டெஸ், எதையாவது தொலைச்சிட்டியா?"

"ஒரு நட்டு."

நெவில் நல்லவன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இல்லாத நட்டைத் தேட ஆரம்பித்தான். புல்லில் கிடந்த இரண்டு நேரப் பெட்டிகளில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு டெஸ்மண்ட் நழுவினான். காரின் அடியில் மாட்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றையும் கணக்கெடுத்துக் முடிவுக் கோட்டோரக் கொட்டகையில் நேரம் குறிக்கும் தெல்மாவுக்குச் சொல்லிவிடும் சின்னப் பெட்டி அது.

லான்செஸ்டனுக்குத் தெற்கே உள்ள பந்தயத் தளத்தில் கார் கிளப்பின் வருடக் கடைசிப் போட்டி நடக்கும் ஞாயிறு அது. டெஸ்மண்டும் நெவிலும் வைத்திருந்தது ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே நீலத்தில் குட்டிக் கார். ஆளுக்கு இரண்டு கை, இரண்டு கால். ஆனால் மூன்று வருடமாகப் பந்தயக் கோப்பை மட்டும் நெவில் வீட்டில். டெஸ்மண்ட் வாராவாரம் காரைக் கழுவி, மெழுகு போட்டு, டயர் காற்றைத் தினம் இரண்டு தடவை அளப்பான். குழாய் வேலை செய்யும் நெவில் அதே காரில் சாக்கடைக் குழாய்களை ஏற்றிக்கொண்டு அலைவான். அப்படியும் அவன்தான் முதல். வயிறு எரியுமா எரியாதா?

எரிந்தது. அந்த எரிச்சலைத்தான் கோரலால் தாங்க முடியவில்லை. போன வாரமே கெடு வைத்துவிட்டாள்.

"மூணு வருஷமா ராத்திரி சாப்பாட்டு மேசையில நெவில்தான் உக்காந்திருக்கான். இந்த ஞாயித்துக்கிழமையும் அவனை முந்தலைன்னா கார் என் தங்கச்சிக்கு. ஒத்துக்கிறியா?"

டெஸ்மண்ட் ஒத்துக்கொண்டான். காரணம், மெல்போர்னிலிருந்து வந்திருந்த புது ஸ்வே பார். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் தடித்த இரும்புத் தண்டு. விரல் முட்டியெல்லாம் தோல் உரியத் தானே பின்பக்கம் மாட்டியிருந்தான். தண்டின் முனையில் மூன்று துளைகள்: மென்மை, நடுத்தரம், கடினம். எதில் போல்ட்டை முடுக்குகிறோமோ அந்த அளவுக்குக் கார் விறைக்கும்.

ஒரே மாதிரிக் கார்கள் முட்டிக்கொள்ளும் என்று இரண்டு பேரையும் வேறு வேறு கூட்டத்தில் விட்டார்கள். காருக்குள் கடிகாரமோ போனோ கூடாது என்பது கிளப் சட்டம். தெல்மா ஜன்னலில் ஒட்டும் தாள்தான் வேதம்.

முதல் ஓட்டம், நடுத் துளை. டெஸ்மண்ட் பறந்தான். இறங்கும்போதே கோப்பையை வைக்க அலமாரியில் எந்தத் தட்டு என்று முடிவு செய்துவிட்டான்.

தாளில் நெவில் 68 விநாடி, டெஸ்மண்ட் 71.

"நெவில், நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையே. சும்மா ஓட்டினேன். எனக்கே ஆச்சரியமா இருக்கு!"

"ஒண்ணும் பண்ணலையாம்!" என்று டெஸ்மண்ட் கோரலிடம் பொருமினான். "எப்படிப் பூசி மெழுகறான் பாத்தியா?"

இரண்டாவது ஓட்டத்துக்குக் கடினத் துளையில் முடுக்கினான். கொண்டை ஊசி வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

நெவில் 66. டெஸ்மண்ட் 71.

"இரும்பைப் போட்டது நானு, வேகமாப் போறது அவனா?"

"கத்தாதே, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் கோரல். "தங்கச்சி என்ன சீட் கவர் போடறதுன்னு கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கா."

மூன்றாவது ஓட்டத்துக்கு மென்மை. கார் கொஞ்சம் தள்ளாடியது.

நெவில் 69. டெஸ்மண்ட் 71.

டெஸ்மண்ட் இறைச்சிப் பணியாரம் வந்த காகிதப் பையைக் கிழித்துக் கணக்குப் போட்டான். மென்மை 69. நடுத்தரம் 68. கடினம் 66. மூன்றும் நெவிலின் நேரம். தன்னுடையது எதைச் செய்தாலும் 71. பேனா கையிலிருந்து விழுந்தது.

"கோரல்! என் ஸ்பேனர் அவனைத்தான் ஓட்டுது!"

"தொப்பி போட்டுக்கோன்னு காலையிலேயே சொன்னேன்."

"நம்பு. திருட்டுப் பய எட்டிப் பாத்து அப்படியே காப்பி அடிக்கிறான்!"

காப்பி அடிப்பவனைக் கையும் களவுமாகப் பிடிக்க டெஸ்மண்ட் டயர் அடுக்கின் பின்னால் குந்தினான். முக்கால் மணி நேரம் குந்தினான். நெவில் மடக்கு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஒரு தடவை ஈயை விரட்டினான், அவ்வளவுதான்.

"தூங்கறான்" என்று திரும்பி வந்தான் டெஸ்மண்ட்.

"அப்பாடா. விட்டுடு."

"எப்படி நடக்குதுன்னு எனக்கும் தெரியலை. ஆனா நடக்குது. நான் எதை மாத்தினாலும் அவன் நேரம்தான் மாறுது. எனக்கு எப்பவும் எழுபத்தொண்ணு. அப்போ தண்டை மொத்தமாக் கழட்டி விட்டுட்டா?"

"உன் கார் கவுந்துடும்."

"எனக்கு எழுபத்தொண்ணு கோரல், எழுதி வெச்சுக்கோ! படுக்கப்போறது அவன்தான்."

கோரலுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கோப்பை கடைசி ஓட்டத்தின் நேரத்துக்குத்தான். டெஸ்மண்ட் காருக்கு அடியில் போய், இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய தண்டின் இரு முனையையும் கழற்றிக் கம்பியால் மேலே கட்டினான். அந்தக் கைகளில் ஒரு நடுக்கம் இல்லை. பொறாமை மனிதனுக்கு எவ்வளவு தெளிவைக் கொடுக்கிறது!

கடைசி ஓட்டத்தில் அவன் கார் குடித்தவன் மாதிரி சாய்ந்து சாய்ந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரம் வெளியே இழுத்தது. ஒரு தடவை புல்லுக்குப் போய்த் திரும்பி வந்தான். ஹெல்மெட்டுக்குள் டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே இருந்தான்.

தாள் ஒட்டப்பட்டது.

டெஸ்மண்ட் 71. நெவில் 74.

"ஐயோ!" என்று கோரலே கத்திவிட்டாள். "நிஜமாவே நடந்துடுச்சே!"

"உன் தங்கச்சிக்கு பஸ் நேர அட்டவணை ஒண்ணு வாங்கிக் குடு" என்றான் டெஸ்மண்ட்.

நெவில் தாளுக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "நல்லாத்தானே ஓட்டினேன். புரியலையே டெஸ்."

டெஸ்மண்ட் அவன் தோளில் கை போட்டான். மூன்று வருடமாக நெவில் தன்னிடம் காட்டிய அதே கரிசனத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தான். "விடு நெவில். எல்லா நாளும் நம்ம நாளா இருக்குமா? நான்கூட ஒண்ணும் பண்ணலை. சும்மாதான் ஓட்டினேன்."

நெவில் வாங்கிக் கொடுத்த சாசேஜ் ரொட்டியை டெஸ்மண்ட் தின்றான். அதைவிட ருசியான ஒன்றை வாழ்க்கையில் தின்றதில்லை.

தெல்மா கூடையோடு கார் காராக வந்து பெட்டிகளைச் சேகரித்தாள். டெஸ்மண்டின் பெட்டியை வாங்கி எண்ணைப் பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள். போய் நெவிலின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"டெஸ்மண்ட் கண்ணு, உன் கார்ல இருந்தது பன்னெண்டாம் நம்பர். அது நெவிலோடது. உன்னோடது அவன் கார்ல இருக்கு."

டெஸ்மண்டின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது.

தெல்மா பேனாவை எடுத்துத் தாளில் இருந்த பெயர்களையெல்லாம் அடித்து மாற்றி எழுதினாள். எழுதி முடித்ததும் முகம் மலர நிமிர்ந்தாள்.

"அடேயப்பா, காலையிலேருந்து பறந்ததெல்லாம் நீதானா! அது சரி கண்ணு, கோப்பைக்கான ஓட்டத்துல மட்டும் உனக்கு என்ன ஆச்சு?"