இருசப்பன் ஏத்தின தீபம்

டீக்கடையில நாலு பேரு இருந்தா என் நாக்கு சும்மா கிடக்காது. போன கார்த்திகையில அப்படித்தான் ஒரு சபதம் உட்டேன். "இந்த வருஷம் என் கொல்லையில எந்தப் பொம்பளையும் களைக்குக் குனிய மாட்டா." வருஷா வருஷம் எங்களுக்குக் களை எடுக்கிற எல்லம்மாள் காதுலயும் அது உழுந்துச்சு.

மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வெதைச்சு ஆறு நாளு. பயிர் மொளைக்கல, களை முந்திக்கிச்சு. மருந்து அடிக்கலாம்னேன். என் சம்சாரம் தர்மாம்பாள் ஒத்துக்கல. பண்ணைக்கீரையை அங்கதான் பறிக்கிறா, மருந்தையும் சேத்துக் கடையணுமான்னா.

சரி, நெருப்புன்னு கெளம்பினேன். டவுன்ல ஓட்டைப் பாத்திரத்துக்கு ஈயம் பத்த வைக்கிற மதார் சாகிப்கிட்ட, பம்ப் அடிச்சா சீறிக்கிட்டு தீ கக்குமே, அந்தக் கிருஷ்ணாயில் விளக்கை இரவல் வாங்கியாந்தேன். வீட்டுக்கு வந்து பாய் பேசினதை அவரு தொண்டையிலயே பேசிக் காட்டினேன். "சூடு ஜாஸ்தி வேணாம் இருசப்பா. இலை எரியப்படாது, வாடினா போதும். நாளைக்குள்ள முடிச்சுடு. பயிர் தலை நீட்டினா அதுவும் பூடும்." தர்மாம்பாள் உழுந்து உழுந்து சிரிச்சா. நான் சொன்னதை நான் கேக்கல. அவ கேட்டுட்டா.

மறுநாள் எனக்கு ஏது நேரம்? தீபத்தன்னிக்கு சாயங்காலம் என் வித்தையைப் பாக்க வாங்கன்னு எங்க ஊரு அடி அண்ணாமலை முழுக்க சொல்லிட்டு வந்தேன். வந்து பாத்தா, இவ பாதிக் கொல்லைக்கு விளக்கைக் காட்டி முடிச்சுட்டா. ஒரு இலை கருகல. எல்லாம் பச்சையா நிக்குது.

"என்னாடி, களைக்கு ஆரத்தி எடுத்தியா?"

"மீதி பாதி உங்களுது. பாப்போம்."

"என் பாதியில ஒரு புல்லு நின்னா நானே குனிஞ்சு புடுங்கறேன், போ."

மூணு நாள் கழிச்சு தீபம். மலை உச்சியில ஜோதி தெரிஞ்சாத்தான் வீட்டுல விளக்கு ஏத்தணும். தெருப் பொம்பளைங்க அகலும் கையுமா காத்துக்கிட்டு இருந்தாங்க. நான் வரப்புல எறங்கினேன். ஒவ்வொரு புல்லையும் சாம்பலாகுற வரைக்கும் உடல. கூடவே அன்னிக்குத்தான் தலை நீட்டின மல்லாட்டையும் சாம்பல். நாலாவது சாலுல ஒரு காத்து வந்துச்சு பாருங்க, ஓரத்துல இருந்த என் வைக்கப்போர் குபீர்னு புடிச்சுக்கிச்சு.

தெருக்கோடியில யாரோ வெளிச்சத்தைப் பாத்து "அரோகரா"ன்னாங்க. அவ்வளவுதான். ஊரே விளக்கு ஏத்திடுச்சு.

அரை மணி கழிச்சு மலையில ஜோதி வந்துச்சு. அதைப் பாக்க வேண்டிய கண்ணெல்லாம் என்னைப் பாத்துச்சு. அண்ணாமலையாருக்கே முந்திக்கிட்டவன்னு பேராயிடுச்சு. ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் தலை காட்டல.

எட்டாம் நாள் கொல்லைக்குப் போனேன். அவ பாதியில களை அப்பளமா காஞ்சு கிடக்குது, நடுவுல மல்லாட்டை வரிசையா நிக்குது. என் பாதியில மூணு சாலு சாம்பல். மிச்சத்துல பயிரும் களையும் கட்டிப் புரளுது. இனி நெருப்பும் காட்ட முடியாது.

வெக்கத்தை உட்டுட்டு, "எல்லம்மாளைக் கூப்பிடேன்"னு முனகினேன்.

"அப்பவே கூப்பிட்டாச்சுங்க"ன்னா.

எல்லம்மாள் அஞ்சு பேரோட வந்தா. வந்தவங்க வரிசையா வரப்புல உக்காந்துட்டாங்க. தர்மாம்பாள் களைக்கொத்தை என் கையில குடுத்தா.

"உங்க சபதம் தப்பப்படாது பாருங்க. பொம்பளைங்க யாரும் குனிய மாட்டாங்க."

நான் குனிஞ்சேன். எல்லம்மாள் தீபத்துப் பொரி உருண்டையைக் கடிச்சுக்கிட்டே கையை நீட்டினா.

"அண்ணே, பின்னாடி ஒண்ணு உட்டுட்டீங்க."