தட்டினால் விட்டுவிட வேண்டும்

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபடும் என்று நான் சபதம் செய்தது, ராயபுரத்தில் ட்ராம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில். சபதத்தைச் சத்தமாகச் செய்யவில்லை. புஷ்பவல்லி அடுக்களையில் இருந்தாள். அவளுக்குக் காது கூர்மை.

புஷ்பவல்லி என் மனைவி. திருவொற்றியூர்க்காரி. நான் எத்திராஜ், துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுகிறவன். ஒரு மூட்டை குறைந்தால் கப்பல் கேப்டனையே நிறுத்திக் கேள்வி கேட்பேன். வீட்டில் என் வேட்டி ஒன்று காணாமல் போய் அடுப்புத்துணியாகத் திரும்பி வந்தால் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டேன். இதெல்லாம் மாறவேண்டும் என்றுதான் சபதம்.

எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது ஜுஜுத்ஸு. இப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாலு கடைக்கு ஒரு கராத்தே கிளப் போர்டு தொங்குகிறது. அன்றைக்குக் கராத்தே என்று யாராவது சொல்லியிருந்தால், ஏதோ புதுப் பலகாரம் என்று நினைத்து ஒரு தட்டு கொண்டுவரச் சொல்லியிருப்போம். எங்களுக்குக் கிடைத்தது ஜுஜுத்ஸு. அதையும் பேட்டையில் யாரும் அந்தப் பெயரில் கூப்பிடவில்லை. ஜப்பான் குஸ்தி என்றார்கள்.

சொல்லிக்கொடுத்தவர் கமாலுதீன் வாத்தியார். யுத்தம் முடிந்து பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே ஒரு ஜப்பான்காரனுக்குச் சமைத்துப் போட்டு, பதிலுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொண்டாராம். என் வயதுதான். என்னை விட ஒல்லி. ஆனால் மூட்டை தூக்குகிற ஆளின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்தாரென்றால், அந்த ஆள் தன் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் கிளப் நடந்தது. தரையில் வைக்கோல் அடைத்த சாக்குகள், அதன்மேல் பெரிய கோரைப்பாய். கிடங்கிலிருந்து உப்பு போய் வருஷக்கணக்காகியும் சுவரிலிருந்து போகவில்லை. விழுந்து எழுந்தால் உதடெல்லாம் கரிக்கும். ஹார்பர் சங்கு ஊதியதும் மூட்டை தூக்குகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், ரயில்வே பட்டறைக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். பின்னால் கூட்ஸ் வண்டி போகும்போது கிடங்கே அதிரும். எவ்வளவு சந்தோஷமான நாட்கள்! அந்த உப்புக் காற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு வலிக்கிறது, மனசு இனிக்கிறது.

வாத்தியார் வித்தையை விட விதியைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார்.

"வலி தாங்கலன்னா பாயில ரெண்டு தட்டு தட்டு. தட்டினா, புடிச்சவன் அந்த நிமிசமே வுட்டுடணும். தட்டினவன் எழுந்து எடத்தைக் காலி பண்ணணும். அன்னிக்குக் கடைசியா எவன் தட்றானோ அவன் பாயைச் சுருட்டணும். கிளப்புல மட்டும் இல்ல. ரோட்ல, வூட்ல, எங்கயும் இதான் ரூலு. தட்டினவனை வுடாதவன் மனுசனே இல்ல."

சேருகிற ஒவ்வொருவரும் பாயில் உள்ளங்கையை வைத்து இதற்குச் சத்தியம் செய்யவேண்டும். நானும் செய்தேன். கொஞ்ச நாளில் என்னைச் சின்ன வாத்தியார் ஆக்கினார்கள். என் திறமையைப் பார்த்துத்தான். திறமைசாலிகளுக்கெல்லாம் நைட் ஷிப்ட் வந்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.

சின்ன வாத்தியார் வீட்டில் பழகிப் பார்க்கவேண்டாமா?

"புஷ்பா, கையைக் குடு."

"இன்னாத்துக்கு?"

"மணிக்கட்டுப் புடி. நாளைக்குப் பசங்களுக்குக் காட்டணும். நீ சும்மா நின்னா போதும்."

"அடுப்புல கொயம்பு கீது."

"ஒரு நிமிசம்தான். வலிச்சா செவுத்துல ரெண்டு தட்டு தட்டு. வுட்டுடுவேன்."

"தட்டினா வுட்டுடுவியா?"

"சத்தியம் பண்ணிகீறேன். எங்க இருந்தாலும், இன்னா நடந்தாலும் வுட்டுடுவேன்."

டொக், டொக்.

"நான் இன்னும் புடிக்கவே இல்லியே!"

"கொயம்பு தீயுது. வுடு."

விட்டேன். ஆனாலும் என் மார்பு விரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என்னிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. இடத்தைக் காலி பண்ணுவது, பாய் சுருட்டுவது போன்ற மற்ற விதிகளை நான் அவளுக்குச் சொல்லவில்லை. குடும்பத்துக்கு அதெல்லாம் எதற்கு?

அதற்குப் பிறகு வெற்றிக்கு மேல் வெற்றி.

"உங்கம்மா பொங்கலுக்கு வந்துச்சு. இப்போ ஆடி பொறந்துடுச்சு. எப்போதான் போவும்?"

டொக், டொக்.

விட்டேன். மாமியார் தீபாவளிக்கும் இருந்தார்.

"தெனம் மத்தி மீனா? சம்பள நாள்லயாவது ஒரு வஞ்சிரம் வாங்கக் கூடாதா? மனுசன் இன்னா பூனையா?"

டொக், டொக்.

விட்டேன். மத்தி ருசியாகத்தான் இருந்தது. கிளப்பில் போய், "வூட்ல தெனம் ஜெயிச்சிகினு கீறேன் வாத்தியாரே" என்றேன். வாத்தியார் எழுந்து நின்று கை கொடுத்தார்.

என் கண்ணைத் திறந்தவர் பக்கத்து வீட்டு காத்தூன் பீவி. தையல் மிஷின் வேண்டவே வேண்டாம் என்று நான் தொண்டை கட்டப் பேசி, புஷ்பவல்லி கதவில் இரண்டு தட்டு தட்டி, நான் வெற்றி பெற்ற ஞாயிற்றுக்கிழமை அது. மிஷினின் கால் ஸ்டாண்டு கைவண்டியில் வந்தது. தலைப்பாகம் என் தலையில் வந்தது.

"இன்னா தம்பி, உன் சம்சாரம் தோத்துட்டாளாமே?"

"ஆமா பீவிம்மா."

"யார் சொன்னது?"

"அவளேதான் சொன்னா."

"தோத்தவ கையை வீசிகினு முன்னால போறா. ஜெயிச்சவன் தலையில மிஷினு கீதே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கணக்கில் வெற்றிகள் ஏறிக்கொண்டிருந்தன. வீட்டில் நடந்ததெல்லாம் தோற்றவள் நினைத்ததுதான்.

இந்தச் சமயத்தில்தான் கிளப்புக்கு ஆபத்து வந்தது. சிமெண்டு மூட்டை அடுக்க இடம் வேண்டும், வருகிற திங்கட்கிழமைக்குள் காலி செய்யுங்கள் என்று கிடங்குக்காரர் சொல்லிவிட்டார். வாத்தியார் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பினாங்கிலிருந்து அந்த மனிதர் கொண்டுவந்த ஆஸ்தி இந்த வித்தை ஒன்றுதான். அதை விரித்து வைக்க ஒரு இடம் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க வூட்டு முன் ரூமு கீதே வாத்தியாரே!"

சொன்னது என் வாய்தான். மூளைக்கு விஷயம் எட்டுவதற்குள் எல்லோரும் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனால், முன் அறையின் நடுவில் மிஷின் உட்கார்ந்திருந்தது. புஷ்பவல்லி அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கெயமெ தையல் கிளாசு ஆரம்பிக்கிறேன்யா. பேட்டை பொண்ணுங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன்."

"இந்த ரூமுலயா?"

"பின்ன, கூரை மேலயா?"

"வாத்தியாருக்கு வாக்குக் குடுத்துட்டேனே, புஷ்பா! கிளப்புக்கு எடமில்ல."

அவள் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். "ரோஸ்மேரி டீச்சர் வூட்டுக்கு வெயில்ல நடந்து நடந்து தையலு கத்துகினேன். உன்னைச் சின்ன வாத்தியாருன்னு நாலு பேரு கூப்புடறாங்க. என்னையும் டீச்சருன்னு நாலு பேரு கூப்புடணும்னு ஆசை கீதுய்யா. தப்பா?"

தப்பில்லை. அதுதான் கஷ்டம். அந்த நிமிஷம் என் மனசு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் வாக்கு? நாளை கிளப்பில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அவள் கை சுவரை நோக்கி நகர்வதைப் பார்த்தேன். சட்டென்று ஒரு யோசனை. முந்திக்கொண்டு நான் தட்டினேன். டொக், டொக்!

"இன்னாய்யா இது?"

"நான் தட்டிட்டேன். நீ வுட்டுடணும்."

"நான் ஏன் வுடணும்? பாயில கையை வெச்சு சத்தியம் பண்ணது நீ. நான் உங்க கிளப்புல கீறேனா?"

டொக், டொக் என்று அவளும் தட்டிவிட்டு உள்ளே போனாள். நான் விட்டுவிட்டேன்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. தூங்கிவிட்டேன். காலையில் பல் தேய்க்கும்போது வழி தெரிந்தது. அவள் கிளப்பில் இல்லை என்பதுதானே பிரச்சினை? சேர்த்துவிட்டால்? அவளும் சத்தியம் செய்துவிட்டால், நான் தட்டினால் அவளும் விட்டுத்தானே ஆகவேண்டும்? என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. "கிளப்புல சேர்றியா புஷ்பா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சேந்துட்டா போச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, உப்புக் கிடங்கில் கடைசி நாள். புஷ்பவல்லி வந்தாள். துணைக்குக் காத்தூன் பீவியும் வந்தார். வாத்தியார் தடுமாறிப்போனார்.

"பொம்பளைங்களுக்கு இது... கொஞ்சம் பேஜாராச்சே தங்கச்சி?"

"தட்டறதுக்கு ஆம்பளை கைதான் வோணுமாண்ணே?"

வாத்தியார் நகர்ந்து பாயில் இடம் விட்டார். அவள் பாயில் கை வைத்தாள். அவர் விதியை நிறுத்தி நிதானமாக முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். நான் கேட்கவில்லை. எந்தச் சமயத்தில் தட்டலாம் என்று விரலைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"எடத்தைக் காலி பண்ணணும்னா இன்னாண்ணே?" என்று அவள் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"தட்டினவன் வெளிய போயிடணும்மா. ஜெயிச்சவங்களுக்குத்தான் எடம்."

"சரிண்ணே. சத்தியம்."

நான் பாய்ந்து நடுப்பாயில் நின்றேன்.

"புஷ்பா! முன் ரூமு கிளப்புக்கு!"

"முடியாதுய்யா. தையல் கிளாசுக்கு."

குனிந்து பாயில் ஓங்கித் தட்டினேன். டொக், டொக்! "வுடு!"

"வுட்டேன்" என்றாள்.

கிளப்பே கைதட்டியது. நான் இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

"வுட்டேன்யா. அதான் ரூலு. இப்போ நீ எடத்தைக் காலி பண்ணு."

"எந்த எடத்தை?"

"எதுக்கு சண்டை போட்டோமோ அந்த எடத்தைத்தான். தட்டினது நீ, ஜெயிச்சது நானு. முன் ரூமு என்துதானே வாத்தியாரண்ணே?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் கிளப் பிழைத்துவிடும். ஆமாம் என்றால் நாளைக் காலையில் அவருக்கு நிற்க இடமில்லை.

"ரூலு ரூலுதான் எத்திராஜு" என்றார். "நீ தட்டிட்ட. எடம் தங்கச்சிது."

புஷ்பவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ என் எடத்துக்கு நான் ஒண்ணு சொல்லலாமில்ல? பகல்ல தையல் கிளாசு. சங்கு ஊதினதும் மிஷினை ஓரமா தள்ளிடறேன். கிளப்பு அங்கியே நடக்கட்டும்ணே."

வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூட்டை தூக்குகிற ஆட்களெல்லாம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். காத்தூன் பீவி தானே ஜெயித்தது போலச் சிரித்தார். அதே அறையை முதலில் கொடுத்தவன் நான் என்பது ஒருவனுக்கும் ஞாபகம் வரவில்லை.

"அப்போ எத்திராஜு?" என்று கடைசியில் வாத்தியார்தான் கேட்டார்.

"அவருதானேண்ணே கடைசியா தட்டினாரு? பாயைச் சுருட்டட்டும்."

சுருட்டினேன். தலையில் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்தேன். தலைக்கு அதற்குள் நல்ல பழக்கம் ஆகியிருந்தது.

அந்த முன் அறையில் கிளப் பல வருஷம் நடந்தது. பகலெல்லாம் மிஷின் சத்தமும் பெண்களின் சிரிப்பும். சாயங்காலமானால் தொம் தொம் என்று ஆட்கள் விழுகிற சத்தம். காத்தூன் பீவி வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் ஆடும். "இன்னிக்கு யாரு வுயுந்தது?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். கோதுமை மாவு மூட்டைத் துணியில் புஷ்பவல்லி எல்லோருக்கும் குஸ்திச் சட்டை தைத்துக் கொடுத்தாள். வண்ணானுக்குப் போட்டாலும் முதுகில் இங்கிலீஷ் எழுத்து போகவில்லை. பேட்டையில் எங்கே போனாலும் அவளை டீச்சர் என்றார்கள். என்னை டீச்சர் வீட்டுக்காரர் என்றார்கள்.

இப்போது வாத்தியார் இல்லை, காத்தூன் பீவி இல்லை, ட்ராமும் இல்லை. நானும் புஷ்பவல்லியும் அந்த அறையும்தான் மிச்சம். போன வாரம், குனிந்து நிமிர முடியவில்லை, ஒரு கட்டில் வாங்கிப் போடலாமா என்று கேட்க நினைத்து அவள் எதிரே போய் நின்றேன். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இரண்டு தட்டு தட்டினேன்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லியேய்யா!" என்றாள்.

இன்று காலையிலும் படுக்கைப் பாயைச் சுருட்டியவன் நான்தான்.