ஜாக்கிச் சித்தரின் செப்புத் தகடு

மீனாட்சிபுரத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. பட்டாளத்து லாரிகளைக் காண்டிராக்டு எடுத்துப் பழுது பார்க்கிற இடம். அன்றைக்கு அங்கே லாரிகளைவிட ஆட்கள்தான் அதிகம். பொள்ளாச்சிப் பட்டறைகளில் இருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஜாக்கிச் சித்தர் வருகிறாராம்! எட்டு டன் லாரியை மந்திரத்தால் நிறுத்தி, அதன் அடியில் படுத்துக் குறட்டை விடுவாராம். மலையைத் தூக்கிய கண்ணனுக்குக்கூட இத்தனை தேங்காய் உடைந்திருக்காது.

மெக்கானிக் செல்லத்துரை மட்டும் தேங்காய் உடைக்கவில்லை. பூசை முடிந்ததும் அதே லாரிக்கு அடியில் நுழைய வேண்டியவன் அவன்தான்.

முன்பெல்லாம் லாரியை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுத்த பிறகே ஆள் உள்ளே போவான். எண்ணெய் கசிந்தால் ஜாக்கி இறங்கிவிடும், ஸ்டாண்டு இறங்காது. ஒரு நாள் சித்தர் வந்து ஜாக்கியில் ஒரு செப்புத் தகட்டைக் கட்டினார். தகடு இருக்கிற இடத்தில் ஸ்டாண்டு வைத்தால் தெய்வத்தைச் சந்தேகப்பட்டதாகுமாம். தெய்வக் குத்தத்துக்குப் பயந்து ஆட்கள் ஸ்டாண்டை ஒதுக்கினார்கள். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று மேனேஜர் கோபிநாத் அவற்றைக் கிடங்கில் வைத்துப் பூட்டினார். பக்தியில் எத்தனை வகை பாருங்கள்!

போன மாதம் ஜாக்கி இறங்கி முனீஸ்வரனின் பாதம் நசுங்கியது. "அவனுக்கு நம்பிக்கை பத்தலை" என்றார் சித்தர். நசுங்காவிட்டால் தகட்டின் மகிமை. நசுங்கினால் நம்பிக்கைக் குறைவு. தோற்கவே முடியாத தொழில். ஆனாலும் ஆட்கள் முணுமுணுத்தார்கள். அதனால்தான் மேனேஜர் சித்தரை மறுபடி வரவழைத்து, நேரிலேயே படுத்துக் காட்டச் சொன்னார்.

தகடு கட்டிய ஜாக்கியில் லாரி உயர்ந்தது. சிவப்புப் பட்டு சுற்றிய 'சக்தித் தூண்' ஒன்றைச் சீடர்கள் அச்சுக்கு அடியில் நகர்த்தினார்கள். ஜாக்கியைத் தளர்த்தினார்கள். லாரி அசையவில்லை. சித்தர் ஊர்ந்து உள்ளே போய்ப் படுத்தார். "அரோகரா!" கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

செல்லத்துரையின் மனைவி பூமாரி அங்கேதான் டீசலில் உதிரிபாகம் கழுவுகிறவள். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங் சாமி, எங்கூட்டுக்காரருக்கு உள்ளங்கையளவு தகடு. உங்களுக்கு மட்டும் எதுக்குங்க இத்தாப்பெரிய தூணு?"

"அது சக்தி ரூபம். பேசப்படாது."

"சரிங்க, பேசலை. தூணை எடுத்துப்போட்டு, எங்க தகட்டை மட்டும் நம்பிப் படுங்க. அவரு தினமும் அப்படித்தானுங்க படுக்கறாரு."

"பூமாரி, மிண்டாதே! வாயை மூடு!" என்று கத்தினார் கோபிநாத்.

"சும்மா இரு புள்ள, வேலை போயிரும்" என்றான் செல்லத்துரை.

"வேலை போனா வேற தேடிக்கலாமுங்க. நீங்க போயிட்டா நான் எங்க போயித் தேடட்டும்?"

செல்லத்துரை போய் ஜாக்கியை அடித்து லாரியை ஏற்றத் தொடங்கினான். தூணைவிட்டு அச்சு ஒரு விரல் எழும்பியதுமே சித்தர் உடும்பு மாதிரி வெளியே வந்துவிட்டார்.

"இன்னைக்கு அஷ்டமி. தகட்டுக்கு ஆகாது!"

"தூணுக்கு மட்டும் ஆகுமுங்களா?" ஊன்றுகோலோடு நின்ற முனீஸ்வரன் கேட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

செல்லத்துரை தூணை வெளியே இழுத்துப் பட்டுத் துணியை உருவினான். உள்ளே மஞ்சள் பெயிண்டு அடித்த இரும்பு ஸ்டாண்டு. கிடங்கில் பூட்டிக் கிடக்கிறதே, அதே சாதி!

இப்போது லாரி தகடு கட்டிய ஜாக்கியின் மேல் மட்டும் நின்றது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள் பூமாரி. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. சக்கரம் கழற்றிய அச்சு மெல்ல இறங்கி, தடாலென்று தரையில் உட்கார்ந்தது. செல்லத்துரை படுத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. தகட்டில் மட்டும் ஒரு கீறல் கிடையாது.

சித்தரைத் தேடினால், சீடர்களுக்கு முன்னால் அவர்தான் வேனில் இருந்தார். கோபிநாத் கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

சித்தரே இரும்பை நம்பித்தான் படுத்தார். சித்தரை நம்பிப் படுத்த மகா சனங்களே, உங்கள் தலைக்கும் கொஞ்சம் வேலை கொடுத்துப் பாருங்கள். அது தொப்பி மாட்டுவதற்கு மட்டும் உள்ளதல்ல.