பவளத்துக்கு நான் செய்த சலவை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் சுகம். வீட்டில் எல்லோரும் சுகம் என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஃபோனிலேயே சொல்லலாமே என்றாள் மகள். ஃபோனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

பின்னறைத் தொட்டியில் வளர்க்கும் பவளத் துண்டுகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூர் போனீர்கள். பெரிதானதும் கடலுக்கடியில் பட்டுப்போன பாறையில் கொண்டுபோய் ஒட்டவேண்டும், இவை பிழைத்தால்தான் மேற்கொண்டு வேலைக்கே அனுமதி என்றெல்லாம் சொன்னீர்கள். எல்லாம் காதில் விழுந்தது. மறுநாளே பார்க்கிறேன், தொட்டிக் கண்ணாடியில் நத்தைகள்! ஆள் இல்லையென்றால் எவ்வளவு இளக்காரம் என்று அத்தனையையும் பொறுக்கிச் சுவருக்கு அந்தப்பக்கம் விட்டேன். பாசியைத் தின்பதற்காக நீங்களே வாங்கி விட்டவை என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அப்புறம் பாசி கண்டபடி படர்ந்தது, பழைய டூத்பிரஷ்ஷால் பவளத்தையும் சேர்த்துத் தேய்த்தேன். ஓரத்தில் ஒண்டியாக இருந்த இரண்டு துண்டுகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பேச்சுத்துணைக்கு ஆகட்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் நூல் நூலாக எதையோ நீட்டி ஒன்றையொன்று பொசுக்கிக்கொண்டன. பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பிகூட இப்படி அடித்துக்கொள்ள மாட்டார்கள். பிரித்து வைத்துவிட்டேன்.

தண்ணீரைக் குளிர வைக்கிற மெஷின் இருக்கிறதே, அது உர்ரென்று உறுமுவதில் மத்தியானம் கண்ணயர முடியவில்லை. தூங்கும்போது மட்டும் அணைத்தேன். எழுந்ததும் போட மறந்தேன். தினமும் மறந்தேன். என்ன ஆச்சரியம், அழுக்குப் பழுப்பாக இருந்த துண்டுகள் ஒவ்வொன்றாக வெளுக்க ஆரம்பித்தன! ஆயுள் முழுக்க லாண்டரி நடத்தியவன் நான், அப்படி ஒரு வெள்ளையைப் பார்த்ததில்லை. எல்லாம் என் டூத்பிரஷ்ஷின் கைங்கரியம் என்று பெருமை தாங்காமல், உங்களோடு கடலில் முங்குகிற பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அங்கிள், என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“சோப்பு எதுவும் போடலைம்மா. வெறும் பிரஷ்தான்.”

“ஐயோ, அந்தப் பழுப்பு அழுக்கில்ல அங்கிள். உள்ளே குடியிருக்கிற பாசி. அதுதான் இதுக்குச் சமைச்சுப் போடுது. சூடு தாங்காம அதை வெளியே தள்ளிடுச்சு. இப்ப இது பட்டினி.”

“செத்துடுச்சா?”

“இன்னும் இல்ல. தண்ணி குளிர்ந்தா பாசி திரும்பி வரலாம். வரலேன்னா...” என்றவள் எழுந்து போய் மெஷினைப் போட்டாள்.

“அப்பா, ஊர்த் துணியெல்லாம் வெளுத்தது போதாதா?” என்றாள் மகள். இப்போது மெஷின் ஓய்வில்லாமல் ஓடுகிறது, நான்தான் தூங்குவதில்லை. வெளிச்சம் உறைக்காமல் தொட்டிக்குப் போர்வை கட்டி, அந்தப் பெண் கொடுத்த தீனியைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறேன். வாயைத் திறக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. உங்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் திரும்புவதற்குள் என் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விடுவதென்று பெட்டி கட்டிவிட்டேன். உடனே கிளம்பி வந்து, மிச்சமிருக்கிற உயிரையாவது காப்பாற்றுங்கள். இனி என்னை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எடுத்த காரியம் எல்லாம் கைகூட வாழ்த்தும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டின் நுனியில் பழுப்பு! மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், பழுப்பேதான். அந்தப் பெண் ஓடிவந்து பார்த்து, “திரும்புது அங்கிள், திரும்புது!” என்று கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்துவிட்டேன், மேலே எழுதியது எதுவும் செல்லாது. நீங்கள் நிதானமாகவே வாருங்கள். வந்தாலும் என்னைக் கேட்காமல் பின்னறைக்குள் நுழைய வேண்டாம். உங்களுக்கு எதையாவது தொட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு.