இரும்பு ஆகாத காடு

“செருப்பக் கழட்டுங்க சார்” என்றாள் மலையம்மாள்.

சிவசங்கரன் கழற்றினார். உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்த அந்தக் கோயில்காட்டுக்கு இந்த வருஷம் காவல்முறை மலையம்மாள் வீட்டுக்கு. அந்தக் காட்டுக்குள் ‘பாதுகாக்கப்பட்ட வனம்’ என்று ஒரு தகரப் போர்டை நட வேண்டிய முறை சர்க்கார் ஊழியர் சிவசங்கரனுக்கு. மூன்று மணிக்குப் பெரிய அதிகாரி போட்டோக்காரரோடு வருகிறார். போர்டு நிற்காவிட்டால் மதுரையில் சிவசங்கரன் நிற்க முடியாது. மாற்றல் ஆர்டர் தயாராக இருந்தது.

“பெல்ட்டு? அதுவும் தோலுதான?”

பெல்ட்டும் போனது. ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கடப்பாரையைத் தூக்கினார்.

“ஆத்தாடி! எங்க சாமிக்கு இரும்பு ஆகாது. அருவாகூட உள்ள போனதில்ல.”

மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் பேரம் பேசித் தேறியவர் சிவசங்கரன். நாம் ஒருபடி இறங்கினால் எதிராளியும் ஒருபடி இறங்குவார் என்று நம்பினார். கொட்டாங்கச்சியால் குழி தோண்டினார்.

மலையம்மாள் இறங்கவில்லை. “போர்டுக்குக் காலு?”

“இரும்பு...” இரும்புக் கால் கழன்றது. “சரிம்மா, ஒரு மரக்கம்பு வெட்டித் தாங்க.”

“வெட்டுறதா? இந்தக் காட்டுலயா?”

அவள் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. கூட்டத்தில் யாரோ தகரத்தைத் தட்டிப் பார்த்து, “இதுவும் இரும்புதான்க்கா” என்று வத்திவைத்தார்.

மணி இரண்டே முக்கால். சிவசங்கரன் சட்டையைக் கழற்றி, அதன் முதுகில் கரித்துண்டால் ‘பாதுகாக்கப்பட்ட வனம்’ என்று எழுதினார்.

“சட்டைப் பட்டன்?”

“பிளாஸ்டிக்கும்மா!”

இரண்டு கையாலும் சட்டையை விரித்துப் பிடிக்க வேண்டியிருந்ததால், பேண்டை வாழைநாரால் கட்டிக்கொண்டு, தான் தோண்டிய குழியில் தானே இறங்கி நின்றார்.

ஜீப் வந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“போர்டு எங்கய்யா?”

“நான்தான் சார்.”

ஜீப் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது.

சிவசங்கரன் குழியிலிருந்து வெடித்தார். “அறிவிருக்கா உங்களுக்கு? உங்க மரத்த எவனும் வெட்டக்கூடாதுன்னு எழுதி வைக்கத்தானே வந்தேன்! என்னை விரட்டிட்டு அருவாளோட வர்றவனுக்கா வழி விடப்போறீங்க?”

கூட்டத்தின் ஓரத்தில் ஆடுகளோடு நின்ற பேயாண்டி தொண்டையைச் செருமினார்.

“எழுதியிருக்கது தெரிஞ்சுதான் சார் விரட்டுறோம். போன வருசம் பாறைக்காட்டுலயும் இதே போர்டத்தான் நட்டாக. இப்ப அம்புட்டுப் பெரிய காட்டுல, போர்டு ஒண்ணுதான் நிக்குது.”